நாற்பத்து நான்காவது வரி

1961 நவம்பர் 14, டயகம தேயிலைத் தோட்டம். பரீட்சைக்காகப் பிறப்புரிமையியலை, பரம்பரை இயல்புகள் பற்றிய பாடத்தை, மீட்டிப் படித்துக்கொண்டிருந்த பூரணி, தன் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களின் காது மடல்களையும் கைவிரல்களையும் பார்த்து அட்டவணை எழுதினாள். தோட்டப் பதிவின்படி லயத்தில் நாற்பத்து மூன்று பேர். அவள் கொப்பியில் நாற்பத்து நான்கு வரிகள் இருந்தன. கடைசி வரியும் அவள் கையெழுத்துதான், எழுதிய நினைவுதான் இல்லை: பெயர் இல்லை, பெண், இடக்கையில் ஆறு விரல்.

பக்கத்துக் காம்பராவில் நிறைமாதமாய் இருந்த காளியாயி சிரித்தாள். “ஆறு வெரலா? நம்ம லயத்துல யாருக்கு இருக்கு, புள்ள? இருந்தா கொழுந்தாச்சும் கூட எடுக்கலாமே!”

“எண்ணிக்கை ஒத்து வரலன்னா வாத்தியார் கையெழுத்துப் போட மாட்டாருக்கா. பரீட்சை எழுத விடமாட்டாங்க.”

“அப்ப அடிச்சி விடு.”

பூரணி அந்த வரியை மையால் அடித்தாள். மறுநாள் வாத்தியார் கொப்பியில் கையெழுத்திட்டார். அன்று மாலை காளியாயிக்குப் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. அதன் இடக்கையில் ஆறு விரல்கள் இருந்தன.