சிவப்பு அம்பு

"குழலி, நீ மாட்டிப் பார்த்துச் சொல்லு. நீ வேணாம்னா வேணாம்," என்றான் ஜீவா.

பூங்குழலிக்குச் சிரிப்பு வந்தது. விளையாட்டுச் சாமானுக்கு ஆசைப்படுகிறவர் இவர், மாட்டிப் பார்க்க வேண்டியது இவர் பொண்டாட்டியாம். நல்ல நியாயம்.

ஆம்பூர் பஜாரில் ஜீவாவின் தோஸ்த் சுஹேல் அகமது வைத்திருக்கும் செல்போன் கடை அது. மேஜைமேல் புது வி.ஆர். ஹெட்செட் ஒன்று டப்பாவுக்குள் சொகுசாக உட்கார்ந்திருந்தது. அதைக் கண்ணை மறைத்துத் தலையில் மாட்டிக்கொண்டால், கடலோ காடோ அங்கேயே போய் நிற்கிற மாதிரி இருக்குமாம். போன வாரத்திலிருந்து வீட்டில் இதே பேச்சு. சாதம் போட்டால் இந்தப் பேச்சு, சாம்பார் ஊற்றினால் இந்தப் பேச்சு.

"பிரிட்ஜுக்குன்னு வச்ச போனஸுங்க அது."

"பிரிட்ஜ் எங்க ஓடிடப் போவுது?"

பூங்குழலி ஹெட்செட்டைக் கையில் எடுத்தாள். ஷூ கம்பெனியில் அவள் செக்கிங். எதை எடுத்தாலும் முதலில் தையலைப் பார்ப்பாள். பட்டையை இழுத்துப் பார்த்தாள், மெத்தையை அழுத்திப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் அட்டையை எடுத்து, சின்னதாக ஒரு சிவப்பு அம்பை உரித்துப் பட்டையின் ஓரத்தில் ஒட்டினாள். ஷூவில் எங்கே குறையோ அங்கே அம்பு ஒட்டித் திருப்பி அனுப்புவதுதான் கம்பெனி வழக்கம். அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. பட்டன் போன சட்டை, ஒழுகுகிற குழாய் என்று அம்பு வாங்காத பொருள் அந்த வீட்டில் கம்மி.

"தங்கச்சி, புது மாலும்மா அது," என்றான் சுஹேல் பரிதாபமாக.

"ஒரு தையல் உட்டுப்போயிருக்குது பாருங்கண்ணே."

ஜீவா விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளே சுருக்கென்றது.

கம்பெனியில் அவளை ஒரு மாத ட்ரெய்னிங்குக்கு இத்தாலி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். செக்கிங்கில் அத்தனை பேர் இருக்க, அவள் ஒருத்தியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். போக வேண்டும் என்று கொள்ளை ஆசை. ஆனால் விமானம்? மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவதற்கே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வருகிறவள் அவள். பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கம். அதனால் சூப்பர்வைசர் மேடத்திடம், "எங்க வீட்டுக்காரர் விட மாட்டாருங்க மேடம்," என்று சொல்லிவிட்டாள். மாசக் கடைசிக்குள் யோசித்துச் சொல் என்றார் மேடம்.

அன்றிலிருந்து பஸ் முழுக்க ஜீவாவுக்குத்தான் அர்ச்சனை. பக்கத்து சீட்டு முத்துமாரி அக்கா, "அவன்லாம் ஒரு மனுசனா?" என்று தினமும் ஆரம்பித்துவிடும். அந்த மனுசன் காலையில் காய் நறுக்கிக் கொடுத்து, எலுமிச்சம்பழத்தை மறக்காமல் அவள் கையில் திணித்து, பஸ் ஏற்றிவிட்டுப் போகிறவன். பூங்குழலி வாயே திறக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். வீட்டிலும் இதைப் பற்றி ஜீவாவிடம் மூச்சு விடவில்லை.

செய்யாத தப்புக்கு ஊரே திட்டுகிறது. பாவம், ஒரு பொம்மையாவது வாங்கிக்கொள்ளட்டும் என்று தோன்றியது.

"சரி, மாட்டி உடுங்கண்ணே," என்றாள்.

கடல் வந்தது. படகு வந்தது. படகு ஆடியதும் வயிறும் சேர்ந்து ஆடியது.

"தலை சுத்துதா?" ஜீவாவின் குரல்.

"சுத்துது."

"கழட்டிடு. இந்தா, தண்ணி குடி." பிறகு சுஹேலிடம், "தினம் கொஞ்சம் கொஞ்சமா பார்த்தா பழகிடும் இல்ல?" என்றான்.

"பழகிடும்பா. முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான்."

"விளையாடப் போறது நீங்க, பழக வேண்டியது நானா?" என்றாள் பூங்குழலி.

"பேஜார் பண்ணாத குழலி. சுஹேல், நான் சொல்லி வச்சேன் இல்ல, அதப் போடு."

மறுபடியும் மாட்டிக்கொண்டாள். இந்த முறை ஒரு சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சின்ன ஜன்னல். வெளியே நீளமான இறக்கை. தரை பின்னால் ஓட ஆரம்பித்தது. ஓட்டம் வேகமாகி, திடீரென்று எல்லாம் கீழே போனது. பூங்குழலி பதறிக் கையை நீட்டினாள். பிடித்துக்கொள்ள ஜீவாவின் கை தயாராக இருந்தது.

"கண்ண மூடாத. நான் இங்கதான் இருக்கேன்."

மூடவில்லை. அவன் கையை இறுக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பிடி தளர்ந்தது. ஜன்னலுக்குக் கீழே மேகம் வெள்ளை வெளேரென்று பரவிக் கிடந்தது. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. இவ்வளவு அழகா இது? இதற்கா பயந்தோம்?

கழற்றியபோது முகமெல்லாம் வியர்வை. இதில் இவர் விளையாட என்ன இருக்கிறது என்று புரியவில்லை. இருந்தாலும், "வாங்கிக்குங்க. உங்களுக்குப் புடிச்சிருக்குது இல்ல?" என்றாள்.

ஜீவா சிரித்தான். அப்போதுதான் கவனித்தாள். அவன் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. மேஜைமேல் அவள் வைத்திருந்த ஸ்டிக்கர் அட்டையில் இன்னொன்று குறைந்திருந்தது.

"இது இன்னாங்க?"

"குறை எங்க இருக்குதோ அங்கதானே ஒட்டுவீங்க? போன வாரம் முத்துமாரி அக்கா என்னை நடுரோட்டுல நிக்க வச்சு, பொண்டாட்டிய இத்தாலிக்கு உடாத மகராசன் நீதானான்னு கேட்டுச்சு," என்றான் ஜீவா. "ஆமாங்க்கா, நான்தான், மாசக் கடைசிக்குள்ள திருந்திடறேன்னு சொல்லிட்டு, நேரா இந்தக் கடைக்குத்தான் வந்தேன்."