ஒட்டகச்சிவிங்கியின் காவல்

ராட்சத ராட்டினத்தின் வாசலில், வயிறு பெருத்த ஒரு பெண்ணின் படத்தைச் சிவப்புக் கோட்டால் அடித்த பலகை தொங்குகிறது. அதற்கு நேர் கீழே, அதே வயிற்றோடு, ஏழு மாதக்காரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் மாமியாரின் கைப்பை, தோளில் நாத்தனாரின் இரண்டு பைகள், கையில் கணவனின் மூக்குக்கண்ணாடி, காலடியில் எல்லோருடைய செருப்புகளும். "நீதான் ஏற முடியாதே, சும்மாதானே இருக்கே" என்று காலையிலிருந்து ஒவ்வொரு ராட்டினத்துக்கும் இதே பாட்டு. "எனக்கு அவசரமா பாத்ரூம் போகணுங்க" என்று சொல்லித்தான் பார்த்தாள். "ஒரே சுத்து, இதோ வந்துடறோம்" என்று ஓடிய கணவன், இப்போது உச்சியிலிருந்து கையாட்டுகிறான். ராட்டினம் நிற்கிற வழியைக் காணோம். வெயில் பெஞ்சின் கம்பியைச் சுட வைக்கிறது. உள்ளே இருப்பது தன் பங்குக்கு அடிவயிற்றில் ஓர் உதை விடுகிறது. "நீ வேறயா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுகிறாள். பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஒட்டகச்சிவிங்கி குனிந்து பல்லை இளிக்கிறது. அதன் கழுத்தில் பைகளை ஒவ்வொன்றாக மாட்டுகிறாள். கண்ணாடியை அதன் மூக்கில் ஏற்றுகிறாள். செருப்புகளைக் காலடியில் தள்ளுகிறாள். "பத்திரமாப் பாத்துக்கோ. நீயும் சும்மாதானே இருக்கே" என்கிறாள். மேலிருந்து, "அடியே, என் பை!" என்று மாமியார் அலறுகிறாள். அலறல் கேட்டுப் பழகிய ராட்டினக்காரன், அம்மாவுக்குக் குஷி வந்துவிட்டது என்று சிரித்தபடி, வேகத்தைக் கூட்டுகிறான். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், அவள் கழிப்பறையை நோக்கி நடக்கிறாள்.