கடவுச்சொல் தவறு

மூளையில் இருந்த கட்டியை எடுத்து நான்கு மாதம் கழித்து அமலோற்பவம் வேலைக்குத் திரும்பிய அன்று, நூலகக் கணினி அவளுடைய கடவுச்சொல்லை ஏழு முறை மறுத்தது. பதினோரு வருடமாக விரல்கள் தாமாகவே தட்டிய சொல். தட்டுவது திரையில் தெரியாது என்பதால் எங்கே பிசகுகிறது என்றும் புரியவில்லை. காலையில் காவலாளியின் பெயர் வராமல் சிரித்துச் சமாளித்தது நினைவுக்கு வந்தது. "எல்லாம் போயிடுச்சு போல, தம்பி," என்றாள் பக்கத்து மேசை வளவனிடம். அவன் தன் மடிக்கணினி வழியாக அந்தக் கணினிக்குள் நுழைந்து, எழுத்துரு, விசைப்பலகை அமைப்புகளை மறுபடி ஏற்றி, கணினி செய்வதையெல்லாம் திரையில் வரிவரியாகக் காட்டும்படி கட்டளையிட்டான். வரிகள் ஓடின. "அக்கா, இங்க பாருங்க. கீபோர்டு பிரெஞ்சுன்னு இருக்கு. நீங்க லீவுல இருந்தப்ப யாரோ மாத்தியிருக்காங்க. நீங்க ஏ தட்டினா அது க்யூன்னு எடுத்துக்குது. நீங்க சரியாத்தான் அடிச்சிருக்கீங்க." அமலோற்பவம் நாற்காலியில் சாய்ந்து நெடுமூச்சு விட்டாள். "இப்பவே மாத்திடறேன்," என்றான் அவன். "இரு தம்பி. அதை இன்னொரு வாட்டி காட்டச் சொல்லு." வரிகள் மறுபடி ஓடின. அவள் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள்.