ஹாலில் நிற்கும் சாட்சிக்கூண்டு

நூறு வருஷம் கோர்ட்டாக இருந்த கட்டிடத்தை அறை அறையாகத் தடுத்து வீடுகளாக விற்றுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கடற்கரை, கீழே இறங்கினால் ரயில் நிலையம். அந்த இடத்தில் அந்த விலைக்கு ஒரு குளியலறைகூட வாங்க முடியாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த சுதாகர், அட்வான்ஸ் செக்கை எழுதியே எடுத்து வந்திருந்தான். ஹாலின் நடுவில் தேக்குமரச் சாட்சிக்கூண்டு ஒன்று நின்றது. "பழங்காலத்துச் சாமான் சார், எடுக்கக் கூடாதுன்னு சட்டம். அதான் விலை கம்மி. முன்னாடி இதை வாங்கினவங்க, இருந்த எட்டு மாசமும் அதுலதான் துணி காயப்போட்டாங்க," என்றார் புரோக்கர். "எட்டு மாசம்தானா?" என்றாள் சுதாகரின் மனைவி பவானி. புரோக்கர் இன்னொரு ஜன்னலைத் திறந்துவிட்டார். பவானி கூண்டில் ஏறி நின்றாள். எத்தனையோ பேர் இறுகப் பிடித்ததில் கைப்பிடிக் கட்டையில் இரண்டு பள்ளங்கள் விழுந்திருந்தன. அவளுடைய உள்ளங்கைகள் அவற்றில் கச்சிதமாகப் பொருந்தின. அங்கிருந்து பார்க்கையில், பதினோரு வருஷமாகப் பக்கத்திலேயே இருக்கும் சுதாகர் யாரோபோலத் தெரிந்தான். அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. "ஏதாவது கேளுங்களேன், சொல்றேன்," என்றாள். சுதாகர் வாயைத் திறந்தான். அவள் கைகளைப் பார்த்தான். பிறகு புரோக்கரிடம் திரும்பி, "இதே விலையில வேற வீடு இருக்கா?" என்றான்.