பம்ப் ஓட்டுபவர் வீட்டு விரிசல்

மதியம் இரண்டு மணி. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கின்றன. நான்கே நொடியில் அதிர்வு அடங்கிவிடுகிறது. சுவர் விரிசல் நேற்றைய பென்சில் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. மனைவி புதுக் கோடு போட்டுத் தேதி எழுதுகிறாள். எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயோடு மேலே வரும் கழிவுநீரை மறுபடி பூமிக்குள் அழுத்தும் பம்பை ஓட்டும் கணவன், தலை நிமிராமல் சாப்பிடுகிறான். "இது உங்க பம்ப் வேலைதானே?" "ஆபீஸ்ல இல்லைங்கிறாங்க." "நான் ஆபீஸைக் கேக்கல, உங்களைக் கேக்கறேன்." அவன் கை பாதியில் நிற்கிறது. "ஆமா. அழுத்தத்தை ஏத்துற அன்னைக்கெல்லாம் ஆடுது." இதை வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை. அவள் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். கை கழுவிவிட்டு அவன் மேலதிகாரிக்குப் போன் போடுகிறான். "சார், அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா பம்பை நான் போடமாட்டேன்."