தபால் பாடம்

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. பரமசிவன் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சத்தமாப் பேசாதீங்க டீச்சரம்மா. மருதாயி படிக்குது."

வாசலில் நின்ற தனபாக்கியம் குடையை மடக்கினார். குன்னூரில் பெண்களுக்கு அழகுக்கலை வகுப்பு நடத்துகிறவர் அவர். கைகால் நகங்களை வெட்டித் தேய்த்துப் பாலிஷ் போடும் வேலையைப் பரமசிவனின் மகள் மருதாயி அவரிடம்தான் கற்றுவந்தாள். போன மாதம் திடீரென்று நின்றுவிட்டாள்.

நிறுத்தியது தான்தான் என்று பரமசிவன் ஒளிக்காமல் சொன்னார். வெலிங்டன் ராணுவ ஆபீசர் சம்சாரம் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தன் மகள் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தை மடியில் வைத்திருந்ததை அவரே கண்ணால் பார்த்தாராம். இலங்கையில் அவருடைய அப்பா பெரிய கங்காணி. கப்பலேறி வந்து அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் கூலிக்கு நின்றபோதும், அந்தப் பெயரைப் பரமசிவன் கீழே இறக்கி வைக்கவில்லை.

"கண்டவங்க காலைப் பிடிக்கிறதை நாலு பேர் பார்க்கப் படிக்கணுமா? மெட்ராசிலருந்து தபால்ல பாடம் வருது. படம் போட்ட பொஸ்தகம். பொம்பளப்புள்ள வீட்டோட இருந்து படிச்சாப் போதும்."

படத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்கிற வேலையா இது, சதை ஒட்டிய இடத்தில் கத்தி எவ்வளவு போகலாம் என்று பக்கத்தில் ஒருத்தி இருந்து கை பிடித்துக் காட்ட வேண்டாமா என்று தனபாக்கியம் வழக்கமாகச் சண்டை பிடிப்பார். அன்று பிடிக்கவில்லை.

"தபால்லயே படிக்கட்டுங்க. வகுப்புக்கு அனுப்பச் சொல்லி நான் வரலீங்க. ஒருக்கா புள்ளையக் கண்ணுல பாத்துட்டுப் போயிடறேன்."

பாடத்தின் நடுவில் எழுப்ப முடியாது என்றார் பரமசிவன். உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுத்தால்கூடப் போதும் என்று கேட்டதற்கும் அவர் இசையவில்லை. ஒரு மாதமாக வாசற்படி தாண்டாத பெண்ணை, வரிசையாகத் தொழிலாளர் வீடுகள் ஒட்டி நிற்கும் இந்த லயமே மெச்சுகிறதாம். பக்கத்து வீட்டுக் கருப்பம்மா தன் மகளுக்கு மருதாயியைத்தான் எடுத்துச் சொல்லித் திட்டுகிறாளாம். இதைச் சொல்லும்போது அவர் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"நம்பிக்கை இல்லாட்டி இதைப் பாருங்க" என்று மனைவி வீரம்மாவைக் கூப்பிட்டு, அவள் கைகளைப் பிடித்து முன்னால் நீட்டினார். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல்கள். நகங்களில் சிவப்புப் பாலிஷ்.

"நேத்துத்தான் போட்டுவிட்டுச்சு. ஒங்க வகுப்புல இதைவிட என்னா சொல்லிக் குடுக்கப் போறீங்க?"

தனபாக்கியம் அந்தக் கைகளை வெளிச்சத்துக்குத் திருப்பினார். நுனிகளில் பாலிஷ் உரிந்திருந்தாலும் மீதி இடத்தில் கோடு பிசகாமல் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நகத்தின் அடியிலும், தோலுக்கும் சிவப்புக்கும் நடுவே, ஓர் அரிசி அகலத்துக்கு வெறும் நகம் வளர்ந்திருந்தது. அந்த இடத்தில் தேயிலைக் கறை கறுப்பாக ஏறியிருந்தது.

"நேத்துப் போட்டதுன்னா அடியில இத்தனை நகம் வளருங்களா அக்கா?"

வீரம்மா வாயைத் திறந்தாள். பரமசிவன் முந்திக்கொண்டார்.

"எங்க வம்சத்துல வீட்டை விட்டுப் போன பொம்பள கெடையாது."

போனாள் என்று யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

தனபாக்கியம் அதைச் சுட்டிக்காட்டவில்லை. வீரம்மாவின் கைகளை விடாமலே, வந்த காரியத்தை மெல்லச் சொன்னார். மலைப்பாதையில் பர்லியாருக்குக் கீழே பள்ளத்தில் ஒரு பெண்ணின் உடல் கிடந்தது. நாள்பட்டுவிட்டதால் முகம் தெரியவில்லை. இடுப்பில் செருகியிருந்த நகம் தேய்க்கும் அரத்தில் வகுப்பின் பெயர் இருந்ததால் போலீஸ் அவரைத் தேடி வந்தது. மற்ற மாணவிகள் எல்லாரையும் நேரில் பார்த்தாகிவிட்டது. மருதாயி ஒருத்திதான் பாக்கி. பெண்ணைக் காணோம் என்று எந்த ஸ்டேஷனிலும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உடலைக் கேட்டு வாங்க ஆள் வராவிட்டால் சாயங்காலம் நகராட்சிக்காரர்கள் புதைத்துவிடுவார்கள். குடும்பத்தின் பெயரை நினைத்துத்தான் போலீஸ் ஜீப்பைக் கீழே ரோட்டிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக மேடேறி வந்ததாகவும், அவள் இங்கே இருக்க வேண்டுமென்று வழியெல்லாம் சாமியை வேண்டிக்கொண்டு வந்ததாகவும் சொன்னார்.

வீரம்மா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. பாலிஷ் போட்ட விரல்களை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்கிக்கொண்டாள்.

"வந்து அடையாளம் சொல்லுங்க அய்யா" என்றார் தனபாக்கியம்.

ஜீப்பைப் பார்த்துவிட்டு லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்து நின்றிருந்தது. கருப்பம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்த வீட்டையே பார்த்தாள். பரமசிவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் போய் நின்று, இந்த முறை லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"எம்பொண்ணு உள்ள படிக்குது. நீங்க போகலாம்."

தனபாக்கியம் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். வெளியே நின்றவர்களைப் பார்த்தார். பிறகு திரும்பி, பரமசிவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"அப்ப, எம்பொண்ணுன்னு சொல்லி நான் வாங்கிக்கட்டுங்களா?"