நான்கு வாரத்துக்கு ஓர் ஆள்

“கோழி கிளறின மாதிரிதான் இருக்கும்ணே, சிரிக்காதீங்க. இடது கை இப்பத்தான் ஒண்ணாம் வகுப்புல சேர்ந்திருக்கு.”

ஃபோர்மன் சிரிக்கவில்லை. படிவத்தை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, பேனாவின் மூடியைத் தானே கழற்றிக் கொடுத்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே அச்சகம் இரைந்துகொண்டிருந்தது.

அவனை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே காகிதம் வெட்டும் மெஷினில் ஒன்பது வருடம் நின்றவன். வலது கை இருந்த காலத்தில், கத்தி இறங்கி ஏறுகிற தாளத்துக்கு விசிலடித்தபடியே வேலை பார்ப்பான்.

கை போய் மூன்றரை வருடம் கழித்து, போன மாதம்தான் திரும்பி வந்தான். பழைய ஆளாக அல்ல; பயிற்சிக்கு வந்த ஆளாக.

வருடத்துக்கு ஒருவரை அப்படி எடுப்பது அச்சகத்தின் வழக்கமாகியிருந்தது. எங்கு போனாலும் கதவு சாத்தப்படுகிறவர்களாகப் பார்த்து வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும். நான்கு வாரம் வேலை பழக்க வேண்டும். தேறினால் நிரந்தரம்.

முதல் வருடம் காது கேளாத ஓர் அக்கா வந்தாள். இன்றைக்கு பைண்டிங் பகுதியே அவள் கண்ஜாடையில்தான் நடக்கிறது. அடுத்து, சிறையிலிருந்து வந்த ஒருவர். இப்போது டெலிவரி வண்டியின் சாவி அவரிடம்.

முதலாளியை நச்சரித்து இதைத் தொடங்கிவைத்தவர் ஃபோர்மன்தான். கல்லில் நார் உரிக்கிற மனுஷனுக்குள் இந்த ஈரம் எங்கிருந்து கசிந்தது என்று பைண்டிங் பெண்கள் அவர் காதுபடவே கேட்டார்கள்.

இந்த வருடம் யாரை அனுப்பப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. கதவு திறந்தது. விசில் நின்றான்.

“அடப்பாவி, எங்கடா போய்த் தொலைஞ்சே!” என்று திட்டிக்கொண்டே அழுதாள் பழைய பைண்டிங்காரி ஒருத்தி.

நான்கு வாரமும் அவன் ஒருநாள்கூடத் தாமதமாக வரவில்லை. காகிதக் கட்டுகளை மார்போடு அணைத்துத் தூக்கினான். மை தீற்றிய தாள்களைப் பொறுக்கித் தனியே வைத்தான். மெஷின் இருந்த மூலைக்கு மட்டும் போகவில்லை.

ஆனால் கத்தியின் சத்தம் மூலையோடு நிற்குமா?

அது இறங்கும் ஒவ்வொரு முறையும் அவன் வலது தோள் துள்ளும். அதற்கு ஒரு நொடி முன்பே ஃபோர்மனின் கை மேஜையிலிருந்து எடுபட்டு மடிக்குள் போய்விடும்.

“சில நேரம் போன கையோட விரல் அரிக்கும்ணே,” என்றான் ஒருநாள் டீ குடிக்கும்போது. “சொறியலாம்னு பார்த்தா விரல் எங்க இருக்கு? அது இன்னும் இங்கயேதான் வேலை பார்க்குதுன்னு நினைக்கிறேன். ஒருநாள்கூட லீவு போடலை.”

அன்றிலிருந்து, சாயங்காலம் மெஷினை நிறுத்தியதும் ஃபோர்மன் அதனருகே போய்ச் சற்று நேரம் நிற்பார். வெட்டி விழுந்த காகிதக் கீற்றுகளுக்கு அடியில் எதுவோ மெதுவாக அசைவது போலிருக்கும். மின்விசிறிக் காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஒருநாள் அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி நின்றிருந்தது.

இன்று கடைசி நாள்.

படிவத்தின் கடைசிக் கேள்வி, இவர் பாதுகாப்பாக வேலை செய்வார் என்று நம்பலாமா என்பது. ‘முழுமையாக நம்பலாம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார் ஃபோர்மன்.

“உன் கையெழுத்தையும் போட்டுட்டுக் கிளம்புடா. திங்கட்கிழமையிலேர்ந்து வேலைக்கு வந்துடு.”

விசில் அதை இரண்டு முறை படித்தான். பேனாவைக் கீழே வைத்தான்.

“இது எடுபடாதுண்ணே. ஏழு இடம் ஏறி இறங்கிட்டேன். கை இல்லைன்னு எவனும் தள்ளலை. இங்கேர்ந்து அந்தப் பழைய விபத்து அறிக்கையை வாங்கிப் பார்த்துத்தான் தள்ளுறாங்க. காலைல நம்ம அச்சக ஆபீஸ் மேடமும் சொல்லிட்டாங்க, ஃபைல்ல அது இருக்கிற வரைக்கும் எடுக்க முடியாதுப்பான்னு. மூணரை வருஷமா மச்சான் வீட்டுச் சாப்பாடுண்ணே. மனுஷன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் தட்டு முன்னாடி உட்கார்ந்தா டிவி சத்தத்தை மட்டும் கூட்டிவைப்பாரு.”

அறிக்கை ஃபோர்மனுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. அவர் எழுதியது.

அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்கும். இரண்டு கையும் பட்டன்மேல் இருக்கும்போது கத்திக்கு அடியில் கை இருக்க வழியில்லை. அந்த நம்பிக்கையில்தான் விசில் எப்போதும் இடது கையைப் பட்டன்மேல் அழுத்தியபடியே, வலது கையால் தாளைத் தட்டிச் சீராக்குவான். ஒன்பது வருடப் பழக்கம்.

‘வேலை சீக்கிரம் முடிவதற்காக, வலது பட்டன் எப்போதும் அழுந்தியிருக்கும்படி டேப் ஒட்டியிருந்தார். விபத்துக்கு அவரே பொறுப்பு.’

அறிக்கையில் அவ்வளவுதான் இருந்தது.

விபத்துக்கு முந்தின நாள் விசில் விடுப்பில் இருந்தான் என்பது அதில் இல்லை. அன்றைக்கு அவசர ஆர்டரை முடிக்க மெஷினில் நின்றவர் ஃபோர்மன் என்பதும், வேலை முடிந்த களைப்பில் அவர் எதைப் பிய்த்துப்போட மறந்தார் என்பதும் இல்லை.

விசில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. படிவத்தைத் திருப்பி, எதுவும் எழுதாத பின்பக்கம் மேலே தெரியும்படி அவர் முன்னால் வைத்தான். ஓரம் மடங்கியிருந்ததை ஒற்றைக் கையால் நீவிவிட்டான்.

“யாரு ஒட்டினதுன்னு எழுத வேணாம்ணே,” என்றான். “நான் ஒட்டலைன்னு மட்டும் எழுதிக் குடுங்க.”